கார்த்தியையும் மாரீஸ்வரனையும் இந்திய ஜெர்சி வரை கூட்டி வந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். நான் கோவில்பட்டிக்காரன். பள்ளிக்கூட நாளில் ஹாக்கி ஆடியவன், இன்றைக்கும் ஊரில் போட்டி என்றால் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு கேலரியில் போய் உட்கார்ந்துவிடுவேன். இதில் நான் நன்றி சொல்லப்போகிற பாதிப் பேருக்கு என்னை யாரென்றே தெரியாது, இருந்தாலும் ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன்.

2022 மே 23, ஜகார்த்தா, ஆசியக் கோப்பை. பாகிஸ்தானுக்கு எதிராக 9ஆவது நிமிடத்தில் ஒரு பெனால்டி கார்னர் (எதிரணி செய்த தவறுக்காகக் கிடைக்கும் கோல் வாய்ப்பு), அதில் அரியலூர் கார்த்தி செல்வம் கோல். சீனியர் இந்திய அணிக்கு அவர் ஆடிய முதல் ஆட்டமே அதுதான். அதே அணியில் எங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும் இருந்தார். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பையன் இந்திய அணிக்குப் போவதே அபூர்வமாகிப்போன காலத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேர், இரண்டு பேருமே கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் தங்கிப் பழகியவர்கள்! அந்த ஆட்டம் கடைசி நேரத்தில் 1-1 என்று போனது வருத்தம்தான். ஆனால் அடுத்த சுற்றுக்குப் போக 15 கோல் வித்தியாசம் வேண்டும் என்ற நிலையில் இந்தோனேசியாவை 16-0 என்று அடித்து, கடைசியில் ஜப்பானை 1-0 என்று ஜெயித்து வெண்கலத்தோடு வந்தார்கள். அனுபவம் குறைந்த பையன்களை நம்பி அவ்வளவு பெரிய போட்டிக்கு அழைத்துப்போன பயிற்சியாளர் சர்தார் சிங்குக்கும், புதுப் பையன்களை அரவணைத்துக்கொண்ட கேப்டன் பீரேந்திர லாக்ராவுக்கும் முதல் நன்றி.

ஆனால் ஜகார்த்தாவுக்கு முந்தின கதை நீளம். அண்ணே, மதினி, உங்கள் இரண்டு குடும்பத்துக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கார்த்தியின் அப்பா காவலாளி வேலை பார்த்துக் குடும்பத்தை நடத்தியவர். அன்றாடச் சம்பாத்தியத்தில் ஓடும் வீட்டில் ஒரு பையன் வளர்ந்து நிற்கும்போது, 'வேலைக்குப் போடா' என்று சொல்லாமல் 'விளையாடப் போ' என்று சொல்வதற்குத் தனி நெஞ்சு வேண்டும். அதுவும் ஹாக்கிக்கு. ஒரு நல்ல மட்டையின் விலை இந்த மாதிரி வீட்டில் பல நாள் சாப்பாட்டுச் செலவு, ஷூ தனி, வெளியூர்ப் போட்டி என்றால் பஸ் காசு தனி. அரியலூரிலிருந்து கோவில்பட்டி பக்கத்து ஊரும் இல்லை, அவ்வளவு தூரத்தில் பிள்ளையை விட்டுவிட்டு ராத்திரி தூங்கியிருப்பீர்களா என்றுகூடத் தோன்றுகிறது.

அடுத்து எங்கள் ஊர் பி.டி. சார்கள், கிளப் அண்ணன்கள். உங்கள் பேர் பேப்பரில் வராது, நானும் போடவில்லை, உங்களுக்கு அது பிடிக்காது என்று தெரியும். வெளியூர்க்காரர்களுக்குக் கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும்தான். காலையில் விடியுமுன் சைக்கிளில் வந்து, மைதானத்தில் கல் பொறுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒடிந்த மட்டையில் டேப் சுற்றிச் சின்னப் பையன் கையில் கொடுத்து 'குனிடா, இன்னும் குனி' என்று தொண்டை கிழியக் கத்துகிற உங்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். சரளைத் தரையில் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. அதை அடக்கிப் பழகினவனுக்கு, தண்ணீர் தெளித்த டர்ஃபில், அதாவது செயற்கை இழைத் தரையில், பந்து வழுக்கிக்கொண்டு வரும்போது கை நடுங்காது என்று நான் நம்புகிறேன். ஆனால் தரையில் ஆடிய ஆட்டத்தை அப்படியே டர்ஃபில் ஆட முடியாது. வேகம் வேறு, உடம்பை வளைக்கும் விதம் வேறு, மூச்சே வேறு. அதைக் கற்றுக்கொடுத்தது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோவில்பட்டி ஹாக்கி விடுதியும் செயற்கை இழை மைதானமும். விடுதிப் பயிற்சியாளர்களுக்கும், விடியற்காலைப் பயிற்சி முடித்துப் பசியோடு வரும் பையன்களுக்கு முகம் சுளிக்காமல் இரண்டாம் தடவை சாதம் போட்ட சமையல்கட்டு அக்காமார்களுக்கும் நன்றி. பையன்கள் ஓடுவதற்கு உடம்பில் தெம்பு வந்தது உங்கள் கையால்தான்.

லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டியை எங்கள் ஊரில் நடத்திவருகிறவர்களை விட முடியாது. இந்தியாவின் நல்ல நல்ல அணிகள் ஊருக்கே வந்து ஆடுவதைக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்து வளர்கிற பையனுக்கு, இந்திய அணி என்பது டி.வி.யில் மட்டும் இருக்கிற சமாச்சாரம் இல்லை. இந்தப் போட்டி ஒரு வருடம்கூட நின்றுவிடக் கூடாது என்பது என் ஆசை.

அப்புறம் சென்னைக்காரர்களே! 2023 ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தபோது நீங்கள் போட்ட சத்தம் இருக்கிறதே! லீக் ஆட்டத்தில் மலேசியாவை 5-0 என்று ஜெயித்தபோது முதல் கோல் கார்த்தி, அரையிறுதியில் ஜப்பானையும் அதே 5-0, அதில் ஐந்தாவது கோல் கார்த்தி. சொந்த மாநிலத்து ஜனங்கள் முன்னால் இப்படி ஆடக் கிடைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கிக் கிடந்தபோதும் ஒருத்தரும் எழுந்து போகாமல் கத்திக்கொண்டே இருந்தீர்கள், 4-3 என்று கோப்பை நம் கைக்கு வந்தது. கிரிக்கெட்டுக்கு மட்டும்தான் கூட்டம் வரும் என்று சொன்னவர்களுக்கு இனிமேல் நான் பதில் தேட வேண்டியதில்லை.

கார்த்தி, மாரீஸ்வரன், தம்பிகளா, உங்களுக்கும் நன்றி. விடுதியில் இப்போது இருக்கிற பொடிசுகள் உங்கள் பேரைச் சொல்லித்தான் சண்டை போட்டுக்கொள்கிறார்கள், நான்தான் கார்த்தி, நீ வேற ஆளாக இரு என்று. ஊருக்கு வரும்போது ஒரு சாயங்காலம் மைதானத்துப் பக்கம் வந்து அவர்களோடு கொஞ்ச நேரம் ஆடிவிட்டுப் போங்கள்.