"என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று கேட்கும் வைத்தியர்கள் எங்களுக்கு வேண்டும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினருக்கும் வட மாகாண சுகாதாரத் துறையினருக்கும்,

வணக்கம்.

என் அப்பா பதினெட்டு வருடம் அரிசி மில்லில் மூட்டை ஏற்றினார், உமி அள்ளினார். கடைசி நாலு வருடம் இருமலோடு கிளினிக்குக்கு அலைந்தார். சளி பரிசோதித்துக் காசநோய் இல்லை என்றார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார்கள். அவருடைய கிளினிக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. வயது, பிரஷர், சுருட்டுப் பழக்கம் உண்டா என்பதுகூட அதில் இருக்கிறது. என்ன வேலை செய்தார் என்று ஒரு பக்கத்திலும் இல்லை. மருந்தை வாங்கிக்கொண்டு மறுநாள் அதே தூசுக்குள்தான் போனார்.

அந்த வைத்தியர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு காலைக்குள் அத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. வேலையைக் கேட்டிருந்தாலும், அந்தப் பதிலை வைத்து அடுத்து என்ன செய்வது என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமாசினி 1700இல் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் அவருடைய தொழிலையும் கேளுங்கள் என்று அதில் சொல்கிறார். தானியம் புடைப்பவர்கள், அளப்பவர்கள் தூசால் படும் பாட்டுக்கு அதில் ஓர் அத்தியாயமே உண்டு. அதைப் படித்தபோது அப்பாவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்று தோன்றியது.

வன்னியில் உடம்பை வருத்தாத தொழில் எது? வயலுக்கு மருந்து அடித்துவிட்டு வருபவருக்குத் தலையிடி, வாந்தி, வாயில் எச்சில் ஊறல், கண்மணி சுருங்கல் இருந்தால் அது நஞ்சு ஏறிய அறிகுறியாக இருக்கலாம். "வெயில் பட்டிட்டுது" என்று தேசிக்காய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். சேற்று வயலில் இறங்குபவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். கருங்கல் உடைக்கும் இடத்துத் தூசு நுரையீரலைத் தழும்பாக்கிவிடும், அது திரும்பச் சுகப்படாது. முகமாலையில் வெயிலில் குந்தியிருந்து கண்ணிவெடி தேடும் பெண்கள், கார்மென்ட்ஸில் நாள் முழுக்க ஒரே தையலைத் தைக்கும் பிள்ளைகள், கடலட்டைக்கு முங்குபவர்கள், எல்லோரும் எங்கள் வீட்டு ஆட்கள். வவுனியாப் பக்கம் காணப்படும் சிறுநீரக நோய்க்கு இன்னும் உறுதியான ஒரு காரணம் சொல்லப்படவில்லை. வேலையையும் வெயிலையும் குடிக்கும் தண்ணீரையும் சேர்த்து விசாரிக்கத் தெரிந்த ஒருவர் இங்கேயே இருந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலும் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இலும் வந்தவை. ஆனால் நோய்க்கு நட்டஈடு கேட்பதென்றால், இது வேலையால் வந்தது என்று ஒரு வைத்தியர் எழுதித் தரவேண்டும். அதை எழுதத் தெரிந்தவரை எங்கே தேடுவது? வயலில் கூலிக்கு நிற்பவருக்குத் தொழிற்சாலைச் சட்டம் எட்டவே எட்டாது.

அதனால்தான் கேட்கிறேன். தொழில்சார் சுகாதாரத்தில், அதாவது வேலையால் வரும் நோய்களைக் கவனிக்கும் துறையில், நிபுணர்களை உருவாக்குங்கள், அவர்களின் பயிற்சியில் ஒரு பகுதியை வன்னியில் வையுங்கள். வெளிநாட்டுப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கம்பனிக்கென்று வைத்தியரும் தாதியும் இருக்கிற ஊரில் மட்டும் படித்துவிட்டு வருபவருக்கு, இன்று மில், நாளை வயல், மறுநாள் கல்வாடி என்று போகும் எங்கள் ஆட்களின் கதை விளங்காது.

நிபுணர் ஒருவர் உருவாகப் பல வருடம் பிடிக்கும். அதுவரை சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும், தாதியருக்கும் தமிழில் குறுகிய பயிற்சி கொடுக்கலாம். தூசை அளப்பது, சத்தத்தை அளப்பது, யாரை எங்கே அனுப்புவது, எதை எப்படிப் பதிவது, இவ்வளவு தெரிந்தாலே பெரிய விஷயம். அப்புறம், வைத்தியரால் மட்டும் இது முடியாது. உங்கள் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் மூன்றும் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கின்றன. மில்லுக்குள் தூசை உறிஞ்சி வெளியே தள்ளும் அமைப்பை அந்த மாணவர்கள் வடிவமைக்கட்டும். மருத்துவ மாணவர்களும் அவர்களோடு ஒரே மில்லுக்குள் போய் நிற்கட்டும்.

தை பிறந்து காலபோக நெல் மில்லுக்கு வரத் தொடங்கும்போது வாருங்கள். தூசு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரியும். அப்பாவோடு மூட்டை தூக்கிய இரண்டு மூன்று பேர் இன்னும் வேலைக்குப் போகிறார்கள். உங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அரிசி மில் தொழிலாளி ஒருவரின் மகள்,
கிளிநொச்சி