சி8-இல் இருந்த பிஷப்

அன்பு மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. பேத்திக்குச் செஸ் பழக்குகிறாயாம். எனக்கும் நீதான் பழக்கினாய், நான் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். பாவம் பிள்ளை.

இங்கே கச்சான் காற்று. பகலில் வெளியே தலைகாட்ட ஏலாது. பின்னேரம் திருகோணமலை டச்பே கடற்கரைக்குப் போனால், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் பலகையோடு இருப்பார். மான்களும் வரும். கடலைச் சுருளைப் பக்கத்தில் வைத்தால் தாளோடு போய்விடும்.

சனிக்கிழமை எனக்குக் கறுப்பு, கிங்ஸ் இந்தியன் என்ற தொடக்க ஆட்டம். நடு அடைபட்டுவிட்டது: அவருடைய சிப்பாய்கள் சி4, டி5, ஈ4 கட்டங்களில்; என்னுடையவை சி7, டி6, ஈ5-இல். இதில் சிப்பாய்ச் சங்கிலி எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம்தான் அவரவருக்கு இடம். அவர் சி5 தள்ளி டி6-ஐ இடிப்பார். நான் எஃப்5 தள்ளி அவருடைய ராசாவை நோக்கிப் போகவேண்டும். அவர் எஃப்3 வைத்து ஈ4-ஐத் தாங்கினார், நான் எஃப்4, ஜி5 என்று போனேன். அதுவரை சரி.

சி வரிசை திறந்ததும் அவருடைய குதிரை பி5-இல் வந்து நின்றது. பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. என் சி8 பிஷப்பை டி7-க்குக் கொண்டுவந்து அதை வெட்டினேன், அவர் திருப்பி வெட்டினார். குதிரைக்கு பிஷப், கணக்குச் சரி என்று நினைத்தேன்.

மடத்தனம். ஈ5-க்குப் பின்னால் மூச்சுமுட்டிக் கிடக்கிற ஜி7 பிஷப்தான் உதவாதது. சி8-இல் சும்மா இருக்கிற மாதிரித் தெரிவதுதான் கடைசியில் எச்3-இல் விழுந்து ராசாவின் கூரையைப் பிரிக்கும். அதைப் பிடிப்பதற்காகவே வெள்ளைக் குதிரை பி5, ஏ7, சி8 என்று நகர்வுகளைச் செலவழித்து வருகிற ஆட்டங்கள் உண்டு. நானோ கையில் கொடுத்தேன். ஜி4 தள்ளி வழி திறந்தபோது உள்ளே போக ஆளில்லை. அவருடைய கோட்டை சி7-இல் வந்து குந்திவிட்டது.

இரவு, 1953-இல் ஆர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில் கிராண்ட்மாஸ்டர் நஜ்டோர்ஃபை யூகோஸ்லாவிய கிராண்ட்மாஸ்டர் கிளிகோரிச் கறுப்பில் வென்ற ஆட்டத்தை வைத்துப் பார்த்தேன். கோட்டை எஃப்7-க்கு, அந்த உதவாத பிஷப் எஃப்8-க்கு. அங்கேயிருந்து அது டி6-ஐக் காக்கிறது, ஜி7-உம் கோட்டைக்குக் காலியாகிறது. பின்வாங்குகிற மாதிரி இருக்கும் நகர்வு, அதனால்தான் இவ்வளவு காலமும் என் கண்ணில் படவில்லை போல.

நேற்று அப்படியே செய்யலாம் என்று போனேன். ஐயா ஒன்பதாவது நகர்விலேயே பி4 தள்ளிவிட்டார், முன்னாள் உலகச் சாம்பியன் கிராம்னிக் கையில் பேர்பெற்றது. சி5 ஒரு நகர்வு முந்தி வருகிறது. என் குதிரையை எச்5-க்கு அனுப்பி எஃப்4-ஐப் பிடிக்கலாம் என்று படுகிறது, ஆனால் எனக்குத் துணிவில்லை. நீ பலகையில் வைத்துப் பார்த்து எழுது. சனிக்கிழமைக்கு முன் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
உன் மச்சான்