ஏழு நிற ரோஜாவுக்கு ஆசைப்பட்டவளுக்கு

அன்புள்ள கோமு,

நலம். முட்டிவலி இருந்த இடத்தில் பத்திரமாக இருக்கிறது. பேரன் நடக்கிறான், கைக்கு எட்டியதெல்லாம் வாய்க்குப் போகிறது. பதில் போடவில்லை என்று நீ திட்டுவதை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது அவசரமாக எழுதுவதற்குக் காரணம் நீ அனுப்பிய அந்தப் படம். ஒரே பூவில் ஏழு நிறம், நூறு விதை, உடனே ஆர்டர் செய்யுங்கள்! "வாங்கட்டுமா?" என்று வேறு கேட்கிறாய். வாங்காதே.

அப்படி ஒரு ரோஜாச் செடி உலகத்திலேயே இல்லையடி. வெள்ளை ரோஜாவைப் பறித்து, காம்பின் அடியை நாலைந்தாகக் கீறி, ஒவ்வொரு கீற்றையும் ஒவ்வொரு சாயத் தண்ணீரில் நிறுத்துவார்கள். தண்ணீரோடு சாயமும் ஏறி இதழெல்லாம் கலர் கலராகிவிடும். பறித்த பூவுக்குப் போடுகிற ஒப்பனை அது. அதற்கு ஏது விதை? கீழே இருந்த நீல ரோஜாவும் அதே கதைதான். நீல நிறமியை உண்டாக்குகிற மரபணுவே ரோஜாவுக்குக் கிடையாது. ஜப்பானில் சன்டோரி கம்பெனி வேறொரு செடியின் மரபணுவைப் புகுத்தி, வருஷக்கணக்காக மெனக்கெட்டு, 2009இல் ஒரு 'நீல' ரோஜாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்த்தால் இளம் ஊதா! அவர்களுக்கே அவ்வளவுதான் வந்தது. சரோஜா பேச்சைக் கேட்டு மயிலிறகுக்குத் தீனி வைத்தவளாயிற்றே நீ, உன்னைச் சொல்லி என்ன.

நிஜ ரோஜா விதையே கிடைத்தாலும் வேண்டாம். வாரக்கணக்கில் குளிரில் கிடந்தால்தான் அது முளைக்க யோசிக்கும். முளைத்தாலும் தாய்ச்செடியின் பூ அப்படியே வராது. அதனால்தான் பதியன் போட்டும் ஒட்டுக் கட்டியும் ரோஜாவைப் பெருக்குகிறார்கள். ரோஜாவைச் செடியாக வாங்கு.

விதை என்றால் ஜினியா, செண்டுமல்லி, காஸ்மோஸ், காசித்தும்பை. முதல் தடவைக்கு இவை போதும். கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படி. சோதித்த தேதி, காலாவதித் தேதி, முளைப்புத்திறன் எத்தனை சதவீதம் என்று இருக்க வேண்டும். ஒன்றுமே போடாமல் பூவை மட்டும் பெரிதாக அச்சடித்திருந்தால் இருந்த இடத்திலேயே வைத்துவிடு. வெயில் படுகிற இடத்தில் தொங்குவதையும் தொடாதே. சூடும் ஈரமும்தான் விதைக்கு எமன். விதைக்குள் இருக்கும் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதை சேமிப்பவர்களின் கணக்கு. மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வை. சந்தேகமாக இருந்தால் பத்து விதையை ஈரத் துணியில் சுருட்டி ஒரு வாரம் பொறுத்துப் பார். நாலுதான் முளைத்ததென்றால் நெருக்கமாகத் தூவு, அவ்வளவுதான்.

பெட்டூனியா பக்கம் போகாதே. ஒரு கிராமில் சுமார் 10,000 விதை, தும்மினால் போச்சு. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் என்பதால் மண் போட்டு மூடவும் கூடாது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டில் தூவிக்கொண்டிருந்தேன், உன் அண்ணா வந்து ஃபேனைப் போட்டார். அப்புறம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

எஃப்1 என்று போட்டிருந்தால், அது இரண்டு ரகங்களைக் கலந்த வீரிய ஒட்டு. பூ பிரமாதமாக இருக்கும், ஆனால் அதிலிருந்து நீ எடுக்கிற விதை அதே பூவைத் தராது. மெண்டல் 1866இல் எழுதி வைத்த பட்டாணிக் கணக்குதான். ஊதாப் பூச்செடியையும் வெள்ளைப் பூச்செடியையும் கலந்தார்; முதல் தலைமுறை மொத்தமும் ஊதா, அடுத்ததில் 929 செடியில் 224 வெள்ளை. ரமா டீச்சர் இதை நடத்தும்போது நீ பின்பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாய். எனக்குச் சாதா ரகம்தான் பிடிக்கும். காய்ந்த செண்டுமல்லியைப் பிரித்தால் பாதி கறுப்பு, பாதி வைக்கோல் நிறத்தில் ஊசி ஊசியாகக் கைநிறைய வரும். அதை நட்டுக்குத்தலாக நிறுத்த வேண்டாம், படுக்கவைத்து லேசாக மண் தூவினால் போதும்.

வசந்தா பேசினாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறாளாம். உடம்பைப் பற்றி ஒரே வரி. அப்புறம், "சீக்கிரம் பூக்கிற மாதிரி ஏதாவது சொல்லேன்" என்றாள். எனக்கு உடனே வாய் வரவில்லை, கோமு. ஜினியா போடு, இரண்டு மாதத்தில் பூத்துவிடும் என்றேன். இரண்டு மாதமா என்று கேட்டுவிட்டு, சரி என்றாள். நாற்றைப் பிடுங்கி நட்டால் ஜினியா முகத்தைத் தூக்கிக்கொள்ளும். பூக்க வேண்டிய தொட்டியிலேயே விதைக்கச் சொல். சொல் என்றால் போனில் இல்லை, நேரில் போ.

இத்துடன் இரண்டு உறை. பெரியது உனக்குக் காசித்தும்பை. காய் தொட்டாலே வெடித்துச் சிதறுகிற ஜாதி, பாதியைத் தரையில் தவழ்ந்துதான் பொறுக்கினேன், சிந்தாமல் பிரி. சின்னது வசந்தாவுக்கு, ஜினியா. தபாலில் போட்டுக் கை கழுவிவிடாதே. நீயே கொண்டுபோய்க் கொடு. வளையல் பேச்சை மட்டும் எடுக்காதே, அவளாக எடுத்தாலும்.

உன்
பத்மா