பின்கண்ணாடியைக் கொஞ்சம் பாருங்கள்

உள்ளேயே சமைத்துத் தூங்கும் கேம்பர் வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நியூசிலாந்தின் வெஸ்ட் கோஸ்ட்டுக்குக் கிளம்பும் நம்மூர்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். எங்கே நின்று படம் பிடிக்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: பின்னால் வருகிறவர்களுக்கு வழி விடுங்கள்.

அந்தத் தப்பைச் செய்தவன் நான். ஹோக்கிடிக்காவுக்குத் தெற்கே ஹரிஹரி என்றே ஓர் ஊர் இருக்கிறது. பலகையைப் பார்த்ததும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதைத் தாண்டியதும் மவுன்ட் ஹெர்குலிஸ் மலைப்பாதை. வளைவுக்கு வளைவு அலமாரிக்குள் குக்கர் உருண்டது. உருட்டிக்கொண்டே போனேன். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஹாரன் கேட்காவிட்டால் பின்னால் ஆளே இல்லை என்பதுதானே நம்மூர்க் கணக்கு! கடைசியில் மகள்தான் எட்டிப் பார்த்து, "அப்பா, பதினோரு வண்டி நிக்குது" என்றாள்.

ஓரங்கட்டினேன். முதலில் கடந்தது ஒரு பால் டேங்கர். ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலை மட்டும் உயர்த்திவிட்டுப் போனார். அந்தப் பக்கத்து நன்றி அவ்வளவுதான்.

நமக்கு அது உல்லாசப் பாதை. அவர்களுக்கு 6ஆம் நெடுஞ்சாலையை விட்டால் வேறு வழி கிடையாது. தெற்கே ஹாஸ்ட் வரை அது முழுதாக இணைந்ததே 1965இல்தான். நைட்ஸ் பாயின்ட்டில் அதற்கு நினைவுச்சின்னம் உண்டு. 2019 மார்ச்சில் ஃப்ரான்ஸ் ஜோசப் என்ற ஊருக்குப் பக்கத்து வைஹோ ஆற்றுப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பெய்லி பாலம் (இரும்புத் துண்டுகளைப் பூட்டி அவசரத்துக்குப் போடும் பாலம்) போட்டுத் திறக்கும்வரை, அக்கரைக்குப் போக மலை தாண்டிக் கிழக்குப் பக்கமாகச் சுற்ற வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சாலையில்தான் நாம் கடல் பார்த்துக்கொண்டு ஊர்கிறோம்.

ஒருவழிப் பாலங்கள் நிறைய வரும். வட்டப் பலகையில் உங்கள் திசைக்குச் சின்னச் சிவப்பு அம்பு என்றால் நீங்கள் நிற்க வேண்டும். நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு என்றால் முன்னுரிமை உங்களுக்கு. அப்போதும் எதிரே வருகிறவர் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டே ஏறுங்கள். இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம்தானே என்கிற தைரியம் இங்கே உதவாது.

இரவு தங்குவதற்கும் விதி இருக்கிறது. 2023இல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். தன்னிறைவு வண்டி, அதாவது தண்ணீரும் கழிவுத் தொட்டியும் தன்னோடே சுமக்கும் வண்டி என்று சான்று வாங்க, கழிவறை வண்டியோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அதன் தொட்டியை அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் கொட்டுங்கள். நாற்றத்துக்குப் பயந்து நான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன், மூன்றாம் நாள் இன்னும் மோசம்.

சாண்ட்ஃப்ளை என்கிற கடிக்கும் பூச்சியைப் பற்றி எழுதவில்லை. கதவைத் திறந்ததும் அதுவே வந்து அறிமுகம் செய்துகொள்ளும்.

ஃபாக்ஸ் கிளேசியர் ஊரிலேயே டீசல் நிரப்பிக்கொள்ளுங்கள். ஹாஸ்ட்டுக்கு அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர். கிளம்பும் முன் அலமாரிக் கொக்கியையும் மாட்டிவிடுங்கள். எங்கள் குக்கர் வெயிட் இன்னும் அந்த வண்டிக்குள் எங்கேயோதான் கிடக்கிறது.

இப்படிக்கு,
பதினோரு வண்டியை மறித்தவன்