பழைய பாணிப் படம் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்

மலையக நகரங்களின் ஸ்டூடியோ உரிமையாளர்களுக்கு,

வணக்கம். ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் அண்மையில் நடந்ததை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வயதான தோட்டத் தொழிலாளி ஒருவர் தன் தாயாரின் கறுப்பு வெள்ளைப் படத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "இதே மாதிரி என்னையும் எடுத்துத் தாங்க தம்பி" என்றார். "இப்ப யாரும் அப்படி எடுக்கிறதில்லம்மா" என்று சொல்லி, பின்னால் பனிமலையை ஒட்டி, முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்துவிட்டார்கள். காசும் வாங்கிக்கொண்டார்கள்.

இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போகத் தலைமன்னார்க் கப்பலுக்குப் புறப்பட்டவர்களும் இங்கேயே தங்கியவர்களும் பிரிவதற்கு முன் ஒன்றாக நின்று எடுத்த படங்கள் தோட்டத்து லய வரிசை வீட்டுச் சுவர்களில் இன்னும் தொங்குகின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் மாட்டப் பொருத்தமான ஒரு படத்தைத்தான் இவர்கள் கேட்கிறார்கள். தயவுசெய்து எடுத்துக் கொடுங்கள்.

இதற்குப் புதிய சாமான் எதுவும் தேவையில்லை. பின்னால் தொங்கவிடக் காட்சி தீட்டிய திரை இல்லாவிட்டால் வெறும் சாம்பல் துணி போதும். ஆளைத் திரையிலிருந்து ஆறடியாவது முன்னே நிறுத்துங்கள். ஒட்டி நின்றால் நிழல் திரையில் விழும். ஒரே லைட், கண் மட்டத்துக்கு மேலே, 45 பாகை பக்கவாட்டில். முழு உருவத்துக்கு 50 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளை எப்8, கமரா இடுப்புக்குச் சற்று மேலே. தலை உயரத்திலிருந்து எடுத்தால் கால் குட்டையாகத் தெரியும்.

படம் கெடுவது பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான். கறுப்பு வெள்ளையாக்க நிறத்தை மொத்தமாக உறிஞ்சிவிட்டால் மாநிறம் மங்கிய சாம்பலாகிவிடும். சிவப்பு, ஆரஞ்சு நிறங்களின் வெளிச்சத்தை மட்டும் தனியாக ஏற்றினால் முகம் தெளியும், ஆனால் நெற்றியில் குங்குமப் பொட்டு மறைந்துவிடும். பொட்டை மட்டும் தனியாகத் தெரிவுசெய்து இருட்டாக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. சுமங்கலிப் பெண் ஒருவரின் படத்தில் பொட்டு இல்லாமற்போனால் அந்த வீட்டில் அதை எப்படி மாட்டுவார்கள்? செப்பியா என்கிற பழுப்புச் சாயல் கேட்டால் படம் முழுக்க மஞ்சள் பூசாதீர்கள். வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருக்கட்டும்.

சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இரண்டு மில்லிமீற்றராவது இடைவெளி விடுங்கள். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்து ஈரத்தில் பளபளப்புத் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் உரிந்து வரும். இரண்டங்குல அகலப் பழைய படத்தை எட்டங்குலமாக்கக் கேட்டால் 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். கைபேசியில் படம்பிடித்துப் பெருப்பிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கும் உரிமையை உங்களுக்கு யார் தந்தது? கல்யாண அல்பத்திலும் அதே வேலை, பூப்புனித நீராட்டு விழாப் படத்திலும் அதே வேலை. வெயிலிலும் மழையிலும் மலையேறிக் கொழுந்து பறித்த முகம் அது. சுருக்கத்தை அழித்து நிறத்தை மாற்றிவிட்டால், பெற்ற பிள்ளைக்கே அடையாளம் தெரியாத படம்தான் மிஞ்சும். இது எங்கள் எல்லோருக்கும் அவமானம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேரம் கூடுதலாகப் பிடித்தால் அதற்கான கூலியைக் கேளுங்கள். முன்கூட்டியே சொன்னால் மறுக்க மாட்டார்கள். கேட்கிற பாணியில் எடுத்துக் கொடுங்கள். அந்த அம்மாவையும் திரும்பக் கூப்பிட்டு, காசு வாங்காமல், அவர் கேட்ட மாதிரியே ஒரு படம் எடுத்துக் கொடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய படங்களைத் திருத்தி அச்சிடும் தொழிலாளி ஒருவர்