ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு நன்றி

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

கடந்த சில வாரங்களாக எங்கள் வீடு பட்ட பாட்டை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதை மறுபடி எழுதும் தெம்பு எனக்கு இல்லை. என் கணவருடைய பிரிவு ஒரு துயரம் என்றால், அவரை எந்த முறைப்படி வழியனுப்புவது என்று அவருடைய இந்து வீட்டாருக்கும் என் கிறிஸ்தவ வீட்டாருக்கும் இடையே எழுந்த பேச்சு வேறொரு துயரமாக வளர்ந்தது. அது ஒருவழியாகத் தணிந்து, சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் ஒரே கூடத்தில் வந்து அமர்ந்தார்கள். அதற்கு வழிசெய்தவர்களுக்கு மனத்தின் ஈரம் காயும் முன்பே நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நிகழ்வை வடிவமைத்து நடத்தித் தந்த அம்மையாருக்கு முதல் நன்றி. அவர் எந்த மதத்தின் குருவும் அல்லர். முதல் நாள் வந்தபோது எங்கள் நம்பிக்கைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், காலையில் எழுந்ததும் என் கணவர் முதலில் என்ன செய்வார் என்று மட்டும் கேட்டார். பறவைகளுக்கு வைக்கும் கிண்ணத்தைக் கழுவி நீர் நிரப்புவார் என்று மகள் சொன்னாள். கோவிலுக்கும் அதிகம் போகாத, என்னோடு ஆலயத்துக்கு வந்தாலும் வாசலருகிலேயே நின்றுவிடுகிற ஒருவருக்கு வழிபாடு என்று எதுதான் இருந்தது என நான் பல ஆண்டுகள் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். விடை சன்னலோரத்திலேயே இருந்திருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடமொன்றின் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும், முழந்தாளிட்டு ஜெபிக்கும்போது இருக்கும் அதே அமைதியோடு கடவுளின் சமுகத்தில் இருப்பதாகச் சொன்னதை ஓய்வுநாள் பள்ளியில் கேட்டிருக்கிறேன். அதை யாரோ ஒரு துறவியின் கதையாகவே வைத்திருந்தேனே தவிர, அடுத்த அறையில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தவரோடு ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

இரண்டாம் சந்திப்பில் அந்த அம்மையார் சற்றுக் கண்டிப்பாகவே இருந்தார். பகவத் கீதையிலிருந்தும் வேதாகமத்திலிருந்தும் சில வரிகளை மாற்றி மாற்றிக் கோத்து, ஒரே வேண்டுதலாக எழுதி அவரிடம் நான் பெருமையோடு நீட்டினேன். அவர் அதை ஏற்கவில்லை. ஆன்மாவுக்குப் பிறப்பும் இறப்பும் இல்லை என்கிறது கீதையின் இரண்டாம் அத்தியாயம். மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்கிறது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரம். துக்கத்தில் இருப்பவர்கள் முன்னால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்வது, இரு தரப்பும் பிடித்துக்கொண்டிருக்கும் கொம்பை ஒரே நேரத்தில் ஒடிப்பதாகும் என்றார். ஒவ்வொன்றும் முழுமையாக, அதை நம்புகிறவர் வாயாலேயே ஒலிக்கட்டும்; மற்றவர்கள் கேட்டால் போதும் என்பது அவர் வகுத்த முறை. எல்லோருக்கும் பொதுவாக ஐந்து நிமிட மௌனமும், என் கணவருடைய கிண்ணத்தில் ஆளுக்கு ஒரு கரண்டி நீர் வார்ப்பதும், தெய்வத்தின் பெயர் எதுவும் வராத ஒரு விடைமொழியும் மட்டுமே இருந்தன. மௌனத்தையே வழிபாடாகக் கொண்ட குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் 17-ஆம் நூற்றாண்டு முதலே இருந்து வருகிறார்கள் என்று அவர் சொன்ன பிறகே, அந்த ஐந்து நிமிடத்தை ஏதாவது ஒரு பாட்டால் நிரப்பிவிடும் ஆசையை விட்டேன். நீர் வார்த்ததற்கும் விளக்கம் எதுவும் தரப்படவில்லை. ஒருவர் அதை நீர்க்கடனாக எண்ணியிருப்பார், இன்னொருவருக்கு ஞானஸ்நானம் நினைவுக்கு வந்திருக்கும். அது அவரவர் பாடு.

இனி, இந்த மடலை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். என் கணவருடைய தாய்மாமா, "வருவேன், உட்காருவேன், ஆனால் வாய் திறக்க மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். கீதையைக்கூட அவருடைய மகன்தான் வாசித்தான். நிருபத்தை வாசிக்க வேண்டியவர் என் பெரியம்மா. அவர் தம் கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். நானோ எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கும் சாமர்த்தியத்தில் எழுத்தை எறும்பு அளவுக்குச் சிறிதாக்கி அச்சடித்திருந்தேன். பெரியம்மா தாளைக் கை எட்டுமட்டும் நீட்டிப் பிடித்தார், பின்பு அருகே கொண்டுவந்தார், மறுபடியும் நீட்டினார். கூடத்தில் யாரும் அசையவில்லை. அப்போது எதிர்ப்புறத்திலிருந்து மாமா எழுந்தார். அவர் வெளியேறப் போகிறார் என்றே நான் நினைத்தேன். அவர் நீர்க்கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு நேராக வந்து, தம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் இரண்டு வில்லைகளையும் நிதானமாகத் துடைத்து, "சம்பந்தியம்மா, இதைப் போட்டுப் பாருங்கள்" என்று நீட்டினார்.

எங்கள் திருமணம் நடந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சொல்லை அவர் எங்கள் வீட்டார் எவரையும் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் முறை.

நாற்பது வயதைக் கடந்தால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை மெல்ல மெல்ல நெகிழ்ச்சியை இழந்து, அருகில் உள்ள எழுத்து மங்கத் தொடங்குகிறது. இந்த வெள்ளெழுத்து யார் எந்த வேதத்தை வாசிக்கிறார் என்று விசாரித்துவிட்டு வருவதில்லை. இருவருக்கும் அளவு ஏறக்குறைய ஒத்துப்போனது. பெரிய சட்டம் மூக்கிலிருந்து வழுக்க, ஒரு கையால் அதைப் பிடித்தபடியே பெரியம்மா வாசித்து முடித்தார். முடிவில் விடைமொழியை எல்லோரும் தாளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணாடி இல்லாத மாமா தாளை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியம்மா அவர் பக்கத்தில் போய் நின்று ஒவ்வொரு சொல்லாகப் படிக்க, அவர் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார்.

இதை நானோ அந்த அம்மையாரோ திட்டமிட்டிருக்க முடியாது. ஆனாலும் நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்திராவிட்டால், எல்லோரும் முன்னால் இருந்தவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பெரியம்மாவின் திணறல் மாமாவின் கண்ணில் பட்டே இருக்காது. ஒரு சடங்கு செய்யக்கூடியது அவ்வளவுதான் என்றும், அதுவே பெரிது என்றும் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

நாற்காலிகளைத் தூக்கி வந்து வட்டமாகப் போட்ட இளைஞர்களுக்கும், இரவில் முறைவைத்து என் அருகில் படுத்துக்கொண்ட தோழியருக்கும், மனத்தாங்கல் இருந்தும் அதைக் கூடத்துக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வந்தவர்களுக்கும், வர மனமில்லாவிட்டாலும் தொலைபேசியில் அழைத்து உண்மைக் காரணத்தைச் சொன்ன இருவருக்கும் என் நன்றி.

கிண்ணத்தை இப்போது நான்தான் கழுவுகிறேன். எந்த வேண்டுதலும் சொல்லாமல், வேறு எதையும் நினைக்காமல், அந்த இரண்டு நிமிடமும் கழுவுவதை மட்டுமே செய்வதென்று உறுதி எடுத்திருக்கிறேன். ஐந்து நாளில் இரண்டு நாள் தவறிவிட்டது. ஓராண்டு நினைவு நாளுக்கு எல்லோரையும் மறுபடி அழைப்பேன். தாள்கள் கொட்டை எழுத்தில் இருக்கும்.

கண்ணாடி இன்னும் பெரியம்மாவின் கைப்பையில்தான் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளத் தாமே வருவதாக மாமா சொல்கிறார். கடன் வாங்கியவள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்கிறார் பெரியம்மா. இது பற்றி நேற்று மட்டும் இருவரும் மூன்று முறை தொலைபேசியில் பேசியிருக்கிறார்கள்.

நன்றியுடன்,
உங்களில் ஒருத்தி