38 டிகிரியில் என்னோடு இருந்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

நேற்று கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி இறங்கினேன். 16 படி. கடைசிப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொல்லலாம் என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் இந்த மடல்.

விபத்தில் முழங்கால் சில்லு உடைந்து, அறுவை சிகிச்சை முடிந்து, கட்டைப் பிரித்த அன்று என் கால் மடங்கியது 38 டிகிரி. நல்ல முழங்கால் ஏறத்தாழ 135 டிகிரி மடங்கும். சமதளத்தில் இயல்பாக நடக்கவே 60 வேண்டும், படி இறங்க 90க்குப் பக்கத்தில் வேண்டும். அசையாமல் கிடக்கும் மூட்டில் தழும்புத் திசு வளர்ந்து இறுகிவிடுமாம். எலும்பு கூடினாலும் கால் மடங்க மறுக்கும். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு மனப்பாடம். 135இல் 38 போக மீதி 97. ராத்திரியெல்லாம் அந்த 97தான் கண்முன் நின்றது.

பிசியோ அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. கோணமானியை வைத்து அளந்து நோட்டில் 41 என்று எழுதினீர்கள். பக்கத்தில் போன வாரத்து 38ஐ எழுதினீர்கள். 135ஐ அந்த நோட்டில் எங்கேயும் எழுதவே இல்லை. "வலிக்கும். வலிக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றீர்கள். நல்லதையே நினை, எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அன்பில்தான் சொன்னார்கள். ஆனாலும் அதைக் கேட்கும்போதெல்லாம், எனக்கு வலிப்பதே என் மனசின் கோளாறு என்பது போல இருக்கும். நீங்கள் வலியை வலியாகவே விட்டுவிட்டு, நான் எதைப் பார்க்கிறேன் என்பதை மட்டும் மாற்றினீர்கள். மனப்பான்மை என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் அந்த நோட்டுதான்.

தங்கச்சி, உன்னிடம் நன்றிக்கு முன்னால் மன்னிப்பு. தண்ணீர் கொண்டுவர ஒரு நிமிடம் தாமதமானால்கூட உன்மேல் எரிந்து விழுந்தேன். நீ திருப்பிக் கத்தவில்லை. ஒருநாள் மட்டும் கேட்டாய்: "உன் சிநேகிதிக்கு இப்படி ஆயிருந்தா, 'நீ ஒண்ணுக்கும் உதவாதவ'ன்னு அவகிட்ட சொல்வியா? உங்கிட்ட மட்டும் ஏன் சொல்லிக்கிற?" அன்றிலிருந்து என்னைத் திட்டிக்கொள்வது குறைந்தது. உன்னைத் திட்டுவதும் குறைந்தது. இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்று எனக்கு அதுவரை தெரியாது.

உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் தன்மீதான பரிவைப் பற்றி 2003இல் எழுதியதை அப்புறம்தான் படித்தேன். துன்பம் எனக்கு மட்டும் வந்ததல்ல, மனிதர் எல்லோருக்கும் பொது என்று உணர்வதும் அந்தப் பரிவில் ஒரு பகுதி என்கிறார். எனக்கு அதைக் காட்டியவர் பிசியோ அறையில் அடுத்த பயிற்சி மேசையில் இருந்த ஐயா. பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கையால் சட்டைப் பொத்தான் போடப் பழகிக்கொண்டிருந்தார். நடப்பவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு அவர் தன் பொத்தானை விட்டுவிட்டு "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவார். பத்து வரும்வரை நான் காலை மடக்கிப் பிடிக்க வேண்டும். கொஞ்ச நாளில் அவருடைய பொத்தான்களை நான் எண்ணத் தொடங்கினேன். ஐந்தாவது பொத்தானையும் அவர் போட்டு முடித்த அன்று அந்த அறையில் எல்லோரும் கை தட்டினோம்.

விபத்து நல்லதற்குத்தான் நடந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும். அந்த நாளைத் திருப்பிக் கொடுத்துவிட முடியுமானால் கொடுத்துவிடுவேன். பெரிய துன்பத்துக்குப் பின் மனிதருக்குள் வரும் நல்ல மாற்றத்தை, அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சியை, ஆராய்ந்த உளவியலாளர்கள் டெடெஸ்கியும் கால்ஹூனும், வளர்ச்சி பட்ட அடியிலிருந்து வருவதில்லை, அதோடு மல்லுக்கட்டுவதிலிருந்தே வருகிறது என்கிறார்கள். வேதனையும் வளர்ச்சியும் சேர்ந்தே இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். அந்த மல்லுக்கட்டில் நான் தனியாக இல்லை. நீங்கள் இருந்தீர்கள்.

அக்கா, நேற்று அளந்தபோது 118. திங்கட்கிழமை காலை வருகிறேன். புதிதாக வந்திருக்கும் பெண்ணுக்குக் கால் 30கூட மடங்கவில்லை என்றீர்களே, அவளுக்கு நான் எண்ணுகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
மூன்றாம் மேசைக்காரி